ஆடியில் குடி மாறிய வீடு

ஆடி பிறந்து காற்று சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், துடியலூரைத் தாண்டி உள்ளே போனால் வருகிற குறிஞ்சி ரோ ஹவுஸ் என்னும் எட்டு வீட்டு வரிசையில், ஐந்தாம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் நடுவே ஒன்பதாவதாக ஒரு வீடு வந்து நின்றது. அதை முதலில் பார்த்தவர் பால் பாக்கெட் போடுகிறவர். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்தவர்களைப் பட்டினி போடக் கூடாது என்று அதன் வாசலிலும் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

பால் எடுக்க வந்த ஐந்தாம் எண் கோகிலவாணிக்கு அந்த வீட்டை அடையாளம் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும். அந்த எலுமிச்சை மஞ்சள் பெயிண்டைக் கடைகடையாக ஏறி இறங்கித் தேடிப் பிடித்தவள் அவள்தான், ஜன்னல் கம்பியில் மயில் வேண்டும் என்று பட்டறையில் போய் உட்கார்ந்து வளைக்கச் சொன்னவளும் அவள்தான். கோவில்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லேஅவுட்டில், நாலு பக்கமும் இடம் விட்டு அவள் கட்டி முடித்துப் பூட்டி வைத்துவிட்டு வந்த சொந்தத் தனி வீடு அது.

"ஏனுங்க, கொஞ்சம் வெளிய வாங்க. நம்ம ஊடு வந்திருக்குது" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

பம்பு செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தண்டபாணி, வாயில் பிரஷ்ஷோடு வந்து, வீட்டை மேலும் கீழும் பார்த்து, நுரையைத் துப்பிவிட்டு, "ஆரு கூட்டிட்டு வந்தாங்க?" என்று கேட்டார்.

கூட்டிக்கொண்டு வந்தது யாருமில்லை, இடம் பிடித்துக் கொடுத்தவர் மட்டும் இருந்தார். இரண்டாம் எண் வெள்ளியங்கிரி, அரசு பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவர், இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ரிடையர் ஆன பிறகும் விசிலைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து நடந்ததைச் சொன்னார்.

"விடியால வாக்கிங் போறப்பப் பார்த்தேனுங்க அம்மிணி, நம்ம கேட்டுப் பக்கத்துல வந்து நின்னுட்டிருந்துச்சு. உள்ள வர்றதா வேண்டாமான்னு அதுக்கே தெரியல. பாவமா இருந்துச்சு. சரி, உங்க ஊடு உங்க பக்கத்துலதான உக்காரோணும்னு, கொஞ்சம் அக்கட்டால நவுருங்கன்னு ஒரு விசில் குடுத்தேன். நவுந்துக்கிட்டாங்க."

"ஆருங்க நவுந்துக்கிட்டாங்க?"

"ஆறு, ஏழு, எட்டு" என்றார் வெள்ளியங்கிரி. "ஏழு கொஞ்சம் மொணகுச்சு. எந்த பஸ்ஸுலயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க."

வீடு ஏன் வந்தது என்று அந்த வரிசையில் யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வந்துவிட்டது, நின்றுவிட்டது, இனி அதற்கு என்ன நம்பர் போடுவது என்பதுதான் பேச்சு. ஐந்தரை என்று சிலர் சொல்ல, பஸ்ஸுக்கு அரை நம்பர் கிடையாது, ஐந்து ஏ என்றுதான் போட வேண்டும் என்று வெள்ளியங்கிரி ஒற்றைக் காலில் நின்றார். எட்டாம் எண் பத்மநாபன், ஓரத்து வீடு என்பதால் ஒரு பக்கச் சுவராவது நமக்கே நமக்கு என்று பெருமை பேசிக்கொண்டிருந்த பாலிடெக்னிக் வாத்தியார், தன் பக்கச் சந்து போய்விட்டதே என்று சண்டைக்கு வந்தார். வீடு நகர்ந்ததில் சந்தில் இருந்த கொய்யா மரம் அவருடைய குளியலறை ஜன்னலுக்குள் ஒரு கிளையை நீட்டியிருந்தது. குளித்துக்கொண்டே கொய்யா பறிக்கலாம் என்று தெரிந்ததும் அவர் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அன்றைக்கு இரண்டாம் முறையும் குளித்தார்.

வயிறு எரிந்தது கோகிலவாணிக்குத்தான்.

அவள் அந்த வீட்டைக் கட்டியதே இந்த வரிசையை விட்டுப் போவதற்காக. எட்டு வீடும் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியவை. கீழே ஹாலும் சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறை, நடுவில் மூட்டு தேய்வதற்கென்றே ஒரு படிக்கட்டு. ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் காலண்டர் விழும். அவளுடைய சமையலறையும் ஆறாம் எண் சுலோச்சனாவின் சமையலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம், அந்தச் சுவர் பெயருக்குத்தான் சுவர். சுலோச்சனாவின் குக்கர் விசில் அடித்தால் இவள் தன்னுடையதென்று நினைத்து அடுப்பை அணைப்பாள், பருப்பு வேகாது. இவள் குக்கர் விசில் அடித்தால் அவள் அணைப்பாள், அங்கே சாதம் நறுக்கரிசியாக நிற்கும். காலையில் சுலோச்சனாவின் மிக்ஸி, பகலில் சுலோச்சனாவின் போன், சாயங்காலம் சுலோச்சனா தன் கணவனிடம் சொல்லும் அதே பகல் போன் சமாச்சாரம் என்று ஒரே கதையை இரண்டு தடவை கேட்டுக் கேட்டு, கோகிலவாணிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. யாருடைய சத்தமும் கேட்காத ஒரு வீட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தண்டபாணி அவளுக்கு நேர் எதிர். ஒட்டிய வீட்டில் இரண்டு பக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை இல்லை, சித்திரை வெயில் பக்கச் சுவரில் இறங்காது, ஊருக்குப் போனால் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு என்று அவர் அடுக்குவார். "இருமினாச் சுக்குக் காப்பி வருது கோகிலா. தனி ஊட்டுல இருமிப் பாரு, இருமல்தான் திரும்பி வரும்" என்பார். கோகிலவாணி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வருடக்கணக்கில் அவரை நச்சரித்தே இடம் வாங்க வைத்து, கட்டவும் வைத்துவிட்டாள்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். எட்டு வீட்டுக்காரர்களும் வேன் பிடித்து வந்து, பசுமாட்டை உள்ளே நடத்தி, பால் பொங்கியதும் கூச்சல் போட்டு, மாடியில் பந்தி போட்டு, பாயசத்துக்கு அடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை அந்த வீட்டை ஒரு கல்யாண மண்டபமாக ஆக்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள். புது வீடு, பிறந்ததும் முதலில் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். மறுநாள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் குடி போகக் கூடாது, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த லேஅவுட்டில் மற்றவர்கள் கல் மட்டும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள், பக்கத்தில் ஒரு ஆட்டுப்பட்டிகூட இல்லை. ஒரு நாள் முழுக்க அத்தனை பேரைக் காட்டிவிட்டு அடுத்த நாளிலிருந்து ஒருவரையும் காட்டாவிட்டால், எந்த வீடுதான் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்?

கோகிலவாணி ஐயருக்குப் போன் போட்டு, ஆடியில் இப்படி நடக்கலாமா என்று நியாயம் கேட்டாள். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, "ஆடியில மனுஷா குடி போறதுதாம்மா கூடாது. வீடு குடி வரதைப் பத்தி எந்த சாஸ்திரத்துலயும் ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வந்த வீடு சும்மாவும் இருக்கவில்லை. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்ததால் தன் சத்தத்தைத் தானே போட்டுக்கொண்டது. ஜன்னல்களைப் படபடவென்று அடித்தது, குழாயைத் திறந்து மூடியது, யாரும் தொடாமலே காலிங்பெல்லை அடித்துவிட்டு யார் என்று கேட்பதுபோல் கதவை ஆட்டியது. சுலோச்சனாவின் சத்தம் போய்ச் சொந்த வீட்டின் சத்தம் வந்தது, இது அதைவிட மோசம். வரிசைக்காரர்கள் இதையும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். அந்த வீட்டு மயில் கம்பியில் ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள், கேஸ் சிலிண்டர் வந்தால் அதன் வாசலில் இறக்கி வைத்தார்கள். ஆடி வெள்ளியன்று சுலோச்சனா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஊற்றிய கூழைக் குடிக்க எல்லோரும் அதன் நிழலில்தான் வரிசை கட்டி நின்றார்கள். கோகிலவாணியும் இரண்டு டம்ளர் குடித்தாள். கோபம் வேறு, கூழ் வேறு.

ஆவணி முதல் தேதி வீட்டைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. சாமான்களை அதற்குள்ளேயே ஏற்றி, தண்டபாணியும் கோகிலவாணியும் ஹாலில் உட்கார்ந்துகொள்ள, வழியனுப்புகிற சாக்கில் வரிசை மொத்தமும் மாடியிலும் படியிலும் ஏறிக்கொள்ள, வெள்ளியங்கிரி வாசற்படியில் தொங்கிக்கொண்டு இரட்டை விசில் கொடுத்தார். வீடு கிளம்பியது. அத்தனை பேரைச் சுமந்துகொண்டு போனதில் அதற்குப் பிடிபடாத சந்தோஷம், வளைவுகளில் மெதுவாகத் திரும்பியது, வேகத்தடையில் ஏறி இறங்கியது. சரவணம்பட்டி சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, இடது ஓரமாகப் போகச் சொன்னார். நடுவில் இரண்டு பேர் பஸ் என்று நினைத்து ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்டார்கள்.

கோவில்பாளையத்தில் வீட்டைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்து, எல்லோரும் தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டு வேன் பிடித்துத் திரும்பிய பிறகு, கோகிலவாணி ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சத்தம் இல்லை. ஆனந்தமாக இருந்தது. அந்த ஆனந்தம் சில நாள் நீடித்தது. பிறகு கொல்லைத் துளசி மாடம் தினமும் பின்வாசலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போவதைக் கவனித்தாள். பின்னால் போனது துளசி மாடமில்லை, வீடுதான் ரோட்டைப் பார்த்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பால் வாங்கப் போன தண்டபாணி திரும்பி வந்தபோது வீடு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தது, உள்ளே அவர் மனைவி ஒன்றும் தெரியாமல் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவரும் ஏறிக்கொண்டார். மத்தியானத்துக்குள் மூவரும் துடியலூர் வந்து சேர்ந்தார்கள். வீடு விட்டுப்போன இடம் அப்படியே காலியாக இருந்தது, சரியாக உட்கார்ந்துகொண்டது. சாமான்களெல்லாம் ஐந்தாம் எண்ணுக்கே திரும்பின, ஹாலில் போட்ட நாற்காலி மட்டும் அங்கேயே நின்றது.

"அம்மிணி, நான் சொல்றதக் கேளுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "காலி பஸ்ஸ ஓட்டறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். இதுக்குப் பக்கத்துல ஆள் வேணும். கோவில்பாளையத்துல உங்க ஊட்டை ஒட்டி இன்னொரு ஊடு இருந்துச்சுன்னா, அது எங்கயும் போகாது."

தனி வீட்டில் தனியாக இருப்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது. பத்மநாபனைக் கேட்டாள், அவர் கொய்யாவை விட்டு வர மாட்டேன் என்றார். ஏழாம் எண் முணுமுணுத்தது. கடைசியில் வேறு வழியில்லாமல், ரோஷத்தையெல்லாம் முழுங்கிக்கொண்டு, அவள் ஆறாம் எண்ணின் கதவைத் தட்டினாள்.

சுலோச்சனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி சுற்றி வளைத்து, காற்றைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, மயில் வருவதைப் பற்றியெல்லாம் சொல்லி, "உங்க ஊடும் பக்கத்துல வந்து நின்னுக்கிச்சுன்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும் சுலோ. ஒட்ட வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்னாப் போதும்" என்று முடித்தாள்.

சுலோச்சனா முறத்தைக் கீழே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க்கா. நீங்க போவீங்க போவீங்கன்னு இத்தனை வருசமா நான் காத்துட்டு இருக்கறேன். நான் எதுக்குங்க்கா உங்க பின்னாடியே வரோணும்?"

கோகிலவாணிக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க படி எறங்கறப்ப எங்கூட்டு விளக்கு ஆடுதுங்க்கா. குதிகால ஊனி ஊனி எறங்கறீங்க. பீரோக் கதவ ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொறந்து சாத்துவீங்க? உள்ள என்னதான் இருக்குது? அப்பறம் ரேடியோவுல பாடறாங்கல்ல, அவுங்க ஒரு வரி முடிச்சு அடுத்த வரிக்குப் போனப்பறம் நீங்க மொதல் வரிய ஆரம்பிப்பீங்க. எனக்கு எந்தப் பாட்டையும் நெசமா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுங்க்கா. அண்ணங்கூடச் சண்டை போடறதுக்கு முன்னாடி தனியா ஒருக்கா ஒத்திகை பாப்பீங்க. எல்லாச் சண்டையும் நான் ரெண்டு தடவை கேட்டாச்சு."

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள் கோகிலவாணி.

"பக்கத்து ஊட்டுல இருந்துட்டு எப்படிச் சொல்றது? அதான் மாரியாத்தாகிட்டச் சொன்னேன். நீங்க நல்லபடியாப் புது ஊட்டுக்குப் போயிட்டாக் கூழு ஊத்தறேன்னு வேண்டியிருந்தேன். பாலு காச்சுனப்பவே போயிட்ட கணக்குன்னு ஊத்தியும் போட்டேன்."

கோகிலவாணி அந்தக் கூழை இரண்டு டம்ளர் குடித்ததை நினைத்துப் பார்த்தாள். அவமானமாக இருந்தது. சுலோச்சனாவின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடமும் சகித்துக்கொண்டவள் தான் ஒருத்திதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, சுவருக்கு அந்தப் பக்கம் அதே அளவு சகிப்பு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அவமானம் எழுந்து தலைக்கு ஏறுகிறபோது பாதி வழியில் வேறொன்றாக மாறியது. மாறினதற்குப் பெயர் வீம்பு.

"அப்ப நான் போகல" என்றாள். "எங்கயும் போகல. உன்ற வேண்டுதலுக்காகவே நான் இங்கதான் இருக்கப் போறேன்."

"அய்யோ அக்கா" என்று சுலோச்சனா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அதற்குள் நடுவில் இருந்த வீடு காலிங்பெல்லை அடிக்கத் தொடங்கியிருந்தது. விட்டு விட்டு அடிக்கவில்லை, யாராவது வரும் வரை எடுப்பதில்லை என்று விரலை வைத்து அழுத்தின அடி. இரண்டு பேரும் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கோகிலவாணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, விடுவிடுவென்று போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள். பெல் நின்றது. ஜன்னல்கள் அடங்கின. குழாய் சொட்டுவதைக்கூட நிறுத்திக்கொண்டது. அது இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டுக் கேட்டுக்கொண்டு, உள்ளே ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு, பரம திருப்தியாக மூச்சு விடாமல் நின்றது. அப்படியொரு அமைதி கோவில்பாளையத்தில்கூட இல்லை.

அவள் வெளியே வந்தாள், பெல் அடித்தது. உள்ளே போனாள், நின்றது. இதைச் சுலோச்சனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஆள் இருந்தாத்தான் சத்தமில்லாமப் பொட்டாட்டம் இருக்கும்போல" என்றாள் மெதுவாக.

கோகிலவாணி யோசித்தாள். குடியே வந்துவிட்டால் மறுபடியும் இவள் சுவரும் அவள் சுவரும் ஒட்டிக்கொள்ளும். அது இரண்டு பேருக்கும் ஆகாது. நடுவில் யாரும் குடியிருக்கவும் கூடாது, அது காலியாக இருக்கவும் கூடாது.

"மத்தியானம் வரைக்கும் நான் இருக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். "அப்பறம் நீ இரு."

சுலோச்சனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஹாலின் நடுவில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் ஒரு நாற்காலிக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது கோகிலவாணிக்கு அப்போது தெரிந்தது. வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. கோகிலவாணி அதைச் சுலோச்சனாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வெளியே வரிசை தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பொட்டு உள்ளே வரவில்லை. சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே, "நெசமாச் சொல்றேனுங்க்கா, நீங்க போயிருந்தீங்கன்னா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள்.

"எனக்கும்தான். இப்பப் பொட்டாட்டம் இரு" என்றாள் கோகிலவாணி.

சுலோச்சனா பொட்டாட்டம் இருந்தாள். கோகிலவாணி அந்த வீட்டைக் கட்டியபோது ஆசைப்பட்டது அத்தனையும் அப்படியே கிடைத்துவிட்டது. பக்கத்தில் இவள் உட்கார்ந்திருப்பாள் என்பதை மட்டும் அவள் நினைத்திருக்கவில்லை.